இளவரசன் தெரிவு செய்தால் போதுமா?

எமது கல்லூரியில் ஒரு வகை ஆங்கில நாவல் கொப்பிகளுக்கு நடுவே மறைந்து வகுப்புக்கு வகுப்பு பயணம் செய்துகொண்டிருக்கிறது. அதன் அட்டையில் நிலம் தொடும் நீல நிறக் கவுன் அணிந்த ஒரு பெண் இருப்பாள். அல்லது தலைகீழாகக் கவிழ்ந்து இரத்தம் சொட்டும் ஒரு கிரீடம் இருக்கும். உள்ளே எதிர்காலத்தில் எங்கோ ஒரு கொடுங்கோல் நாடு. அங்கே ஓர் ஏழைப் பெண். அவளை விரும்பும் ஆண்கள் இருவர். அவர்களில் ஒருவராவது இளவரசர். தரம் 9 இல் தொடங்கும் இந்த வாசிப்பு உயர்தர வகுப்பு வரை தொடர்கிறது. அச்சுப் பிரதி கிடைக்காதவர்கள் கைத்தொலைபேசியில் வாசிக்கிறார்கள்.

இந்த நாவல்களைப் பற்றி எமக்குள் இரண்டு கருத்துகள் உலவுகின்றன. "காதல் கதை வாசித்தால் பிள்ளையின் மனம் கெட்டுவிடும்" என்பது பெற்றோர் பலரின் கருத்து. "வெறும் கதைதானே, ஆங்கிலமும் வளர்கிறது" என்பது வாசிக்கும் மாணவிகளின் பதில். இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆங்கிலம் வளர்வது உண்மைதான். ஆனால் அது மட்டுமே பயன் என்றால் ஓர் ஆங்கிலப் பத்திரிகையே போதுமானது. அதற்காக நள்ளிரவு வரை எவரும் விழித்திருப்பதில்லை. அதேபோல, காதலைப் பற்றிய பெற்றோரின் அச்சமும் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. இந்நூல்களில் நாம் கவனமாகப் பேச வேண்டியது காதலைப் பற்றியல்ல, அரண்மனையைப் பற்றி. இதுவே என் வாதம்.

முதலில் இந்த இலக்கிய வகை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். தோமஸ் மோர் என்ற ஆங்கிலேய அறிஞர் 1516 இல் குறைகளற்ற ஒரு கற்பனைத் தீவைப் பற்றி எழுதி, அதற்கு 'யுட்டோப்பியா' என்று பெயரிட்டார். அதற்கு நேரெதிரான, தீமையே ஆட்சி செய்யும் கற்பனை நாட்டைக் குறிக்கும் சொல்லை ஜோன் ஸ்டுவர்ட் மில் 1868 இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் பயன்படுத்தினார். 'டிஸ்டோப்பியா' என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். நீண்ட காலம் வளர்ந்தவர்களுக்கான நூல்களில் இருந்த இந்த வகை, சுசான் கொலின்ஸ் 2008 இல் எழுதிய 'த ஹங்கர் கேம்ஸ்' நாவலின் வெற்றியோடு பதின்ம வயதினரின் புத்தகத் தட்டுக்கு வந்து குவிந்தது. 2012 இல் கீரா காஸ் எழுதிய 'த செலெக்‌ஷன்', 2015 இல் விக்டோரியா அவெயார்ட் எழுதிய 'ரெட் குயின்' ஆகியவை அதே பாதையில் வந்தவை. கொடுங்கோல் நாட்டோடு மணிமுடியையும் சேர்த்துக் கொடுத்தவை அவை. மூவருமே அமெரிக்கப் பெண் எழுத்தாளர்கள்.

எமது மாணவிகள் மத்தியில் அதிகம் பேசப்படுவது 'த செலெக்‌ஷன்'. ஆகவே அதை விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

கதை நடப்பது இல்லேயா என்ற நாட்டில். பெரும் போர்களுக்குப் பின்னர் இன்றைய ஐக்கிய அமெரிக்கா இருந்த மண்ணில் எழுந்த முடியாட்சி அது. அங்கே மக்கள் 8 சாதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். சாதிக்குப் பெயர் இல்லை, இலக்கம்தான். அரச குடும்பம் 1. இசைக்கலைஞர்களும் ஓவியர்களும் 5. வீட்டு வேலை செய்வோர் 6. வீடற்றவர்கள் 8. கதாநாயகி அமெரிக்கா சிங்கர் ஐந்தாம் சாதியைச் சேர்ந்த பாடகி. அவள் விரும்பும் அஸ்பென் ஆறாம் சாதி. பெண் தன் கணவனின் இலக்கத்துக்கு மாற வேண்டும் என்பது அந்நாட்டு வழமை. ஆகவே அஸ்பெனை மணந்தால் அவள் ஒரு படி கீழே இறங்க வேண்டும்.

இளவரசர் மெக்ஸனுக்கு மணவயது வருகிறது. நாடு முழுவதிலுமிருந்து 35 பெண்கள் அரண்மனைக்கு அழைத்து வரப்படுகிறார்கள். அவர்களில் ஒருத்தியே இளவரசி. மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். இவை யாவும் தொலைக்காட்சியில் காட்டப்படும். மகள் அரண்மனையில் இருக்கும் காலம் வரை பெற்றோருக்குப் பணம் கிடைக்கும். ஆகவே விண்ணப்பப் படிவத்தை நிரப்புமாறு தாய் மகளை நச்சரிக்கிறாள். காதலன் அஸ்பெனும் "விண்ணப்பித்துவிடு" என்கிறான். அவளுக்கோ போக விருப்பமில்லை.

விவாகரத்துக் கதை, கள்ளக்காதல் கதை என்றெல்லாம் இந்நூலைக் கற்பனை செய்யும் பெற்றோர் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அஸ்பெனுக்கும் அமெரிக்காவுக்கும் பிளவு ஏற்படுவது எதனால்? தான் சேர்த்த பணத்தில் அவள் அவனுக்கு ஒரு நல்ல இராச்சாப்பாடு தயாரித்துக் கொண்டுபோகிறாள். தன்னால் அவளுக்குச் சோறு போட முடியாதிருக்க, அவள் தனக்குப் போடுகிறாளே என்ற அவமானத்தில் அவன் உறவை முறித்துக்கொள்கிறான். காதல் கதை என்று சொல்லப்படும் நூலின் முதல் பெரிய திருப்பம் பசியினாலும் வறுமையினாலும் ஒரு ஆணின் மானத்தினாலும் நிகழ்கிறது. பணமும் அந்தஸ்தும் திருமணத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதை இவ்வளவு எளிமையாகப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு விளக்கும் பாடப்புத்தகம் எதுவும் எம்மிடம் இல்லை.

எமது மாணவிகள் இதை ஏன் இவ்வளவு ஆவலோடு வாசிக்கிறார்கள்? கவுனுக்காகவும் மாளிகைக்காகவும் மட்டும் என்று சொல்பவர்கள் இந்த வயதை மறந்துவிட்டவர்கள். தெரிவு செய்யப்படுவதும் தெரிவு செய்யப்படாமல் போவதும்தான் எமது வாழ்க்கை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்து உயர்தரத்தின் இசட் புள்ளி வரை யாரோ எம்மை வரிசைப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டிலே மூத்த ராத்தாவுக்குச் சம்பந்தம் பேச வருகிறார்கள். நிறம், உயரம், படிப்பு, கொடுக்கப்போகும் வீடு எல்லாம் விசாரிக்கப்படுகின்றன. தேநீர்க் கோப்பையோடு வந்து நின்ற பெண்ணிடம் பெரிதாக எவரும் எதையும் கேட்பதில்லை. போன பிறகு "சொல்லியனுப்புகிறோம்" என்ற ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்காக ஒரு வீடே காத்திருக்கிறது. இதைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்த தங்கைக்கு 35 பெண்கள் வரிசையில் நிற்கும் கதை அந்நியமாக இருக்குமா? கைக்கூலியும் சீதன வீடும் இல்லாத திருமணங்கள் எமது சமூகத்தில் கூடிவருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் கிழக்கிலே மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்காகப் பாலைவன வெயிலில் உழைக்கும் வாப்பாமார் இன்னும் இருக்கிறார்கள். இலக்கம் இடப்பட்ட சாதிகள் எமக்குத் தொலைவில் இல்லை.

ஆகவே இந்நூல்கள் எழுப்பும் கேள்வி நேர்மையானது. அவை தரும் விடையோடுதான் எனக்குச் சண்டை.

அமெரிக்கா சிங்கர் அரண்மனைக்குப் புறப்படும் முன்பு அவளுக்கு விதிகளை விளக்க ஓர் அதிகாரி வருகிறார். இளவரசர் எதைக் கேட்டாலும் மறுக்கக் கூடாது என்பது அவர் சொல்வதன் சாரம். வாசிக்கும் எவருக்கும் அந்த இடத்தில் உடல் நடுங்க வேண்டும். ஆனால் சில அத்தியாயங்களில் அந்த நடுக்கம் மறைந்துவிடுகிறது. காரணம், மெக்ஸன் நல்லவர், மென்மையானவர், அவளுடைய விருப்பத்தை மதிப்பவர். அவர் நல்லவராக இருப்பதால் அந்த விதி என்னவாயிற்று என்பதை நாம் கேட்க மறந்துவிடுகிறோம். விதி அப்படியே இருக்கிறது. அவர் நினைத்தால் ஒரு சொல்லில் எந்தப் பெண்ணையும் வீட்டுக்கு அனுப்பலாம். எந்தப் பெண்ணாலும் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. மெக்ஸனின் இடத்தில் அவருடைய தந்தையைப் போன்ற கொடியவர் ஒருவர் நின்றிருந்தால் அந்த 35 பெண்களின் கதி என்ன?

இரண்டாம் பாகத்தில் இதற்கு ஒரு பதில் கிடைக்கிறது. தெரிவுப் போட்டியில் இருந்த மார்லி என்ற பெண் அரண்மனைக் காவலன் ஒருவனை விரும்புவது கண்டுபிடிக்கப்படுகிறது. இருவரும் மக்கள் முன்னிலையில் பிரம்படி வாங்கி, எட்டாம் சாதிக்குத் தள்ளப்படுகிறார்கள். ஒரு நல்ல இளவரசர் இருந்தும் அது நடக்கிறது. நல்ல மனிதர் ஒருவர் கெட்ட சட்டத்தின் உச்சியில் அமர்ந்திருப்பதால் சட்டம் நல்லதாகிவிடாது என்பதை நூலே ஒப்புக்கொள்ளும் இடம் இது.

நூலின் மிகச் சிறந்த கட்டமும் இந்த இரண்டாம் பாகத்தில்தான் வருகிறது. நேரடி ஒளிபரப்பில் அமெரிக்கா எழுந்து நின்று சாதிகளையே ஒழிக்க வேண்டும் என்கிறாள். அவளுக்குக் கிரீடம் இல்லை; பாதுகாப்பும் இல்லை. வாய் மட்டுமே இருந்தது. அந்தப் பக்கத்தில் நான் அவளை உண்மையாகவே மதித்தேன்.

ஆனால் முடிவு? மூன்றாம் பாகத்தில் கிளர்ச்சியாளர்கள் அரண்மனைக்குள் புகுந்து அரசரையும் அரசியையும் கொன்றுவிடுகிறார்கள். மெக்ஸன் அரசராகிறார். அமெரிக்கா அரசியாகிறாள். சாதிகள் படிப்படியாக நீக்கப்படும் என்று மேலிருந்து முடிவாகிறது. கெட்ட அரசர் போய் நல்ல அரசர் வந்தார், அவ்வளவுதான். ஆறாம், ஏழாம், எட்டாம் சாதி மக்கள் தமது விடுதலையைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. ஒரு நாட்டின் அநீதி தீர்வதற்கு வழி, அந்நாட்டின் அழகான பெண் ஒருத்தி சரியான ஆணை மணப்பதுதான் என்றாகிவிடுகிறது. என் தோழியர் இந்நூலிலிருந்து கற்றுக்கொள்வதை நினைத்து நான் அஞ்சுவது இதற்காகத்தான். காதல் வந்துவிடும் என்பதற்காக அல்ல. யாரோ ஒரு நல்லவர் வந்து எம்மைத் தெரிவு செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற காத்திருப்பு பழகிவிடும் என்பதற்காக.

இந்தக் கதையை நான் உம்மாவுக்குச் சொன்னபோது, அஸ்பெனா மெக்ஸனா என்று வகுப்பில் நாங்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து நிற்பதையும் சொன்னேன். மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்த உம்மா நிமிராமலே கேட்டார்: "அந்தப் புள்ளைக்கு ரெண்டு பேரும் வேணாமெண்டா என்ன செய்யிற?"

மூன்று பாகங்களிலும் சரியாகக் கேட்கப்படாத கேள்வி அது. முக்கோணக் காதல் என்பது பெண்ணுக்குப் பெரும் சுதந்திரம் கொடுப்பது போலத் தோன்றும். இருவர் காத்திருக்கிறார்கள், முடிவு அவள் கையில். ஆனால் கேள்வித்தாளைத் தயாரித்தவர் யார்? இரண்டு விடைகளில் ஒன்றுக்குப் புள்ளடி இடலாம். 'இவை எதுவுமில்லை' என்ற விடை அங்கே அச்சிடப்படவே இல்லை.

அந்த மூன்றாவது விடையை எமது மார்க்கம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறது. புகாரியில் பதிவான பரீரா (ரழி) அவர்களின் வரலாறு நாம் அறிந்ததே. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற அவருக்கு, அடிமையாக இருந்த தன் கணவர் முகீஸோடு தொடர்ந்து வாழ்வதா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமை கிடைத்தது. அவர் பிரிந்தார். முகீஸ் தாடி நனைய அழுதவாறு மதீனாவின் தெருக்களில் அவர் பின்னாலேயே திரிந்தார். இரக்கப்பட்ட நபி (ஸல்) அவர்கள், மீண்டும் சேர்ந்துகொள்ளலாமே என்று பரீராவிடம் எடுத்துச் சொன்னார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். கட்டளையல்ல, பரிந்துரைதான் என்று பதில் வந்தது. அப்படியாயின் தனக்கு அவர் தேவையில்லை என்று பரீரா சொல்லிவிட்டார். அதற்காக எவரும் அவரைக் கண்டிக்கவில்லை.

எவ்வளவு பெரிய காட்சி அது! ஒரு பக்கம் உயிராய் நேசிக்கும் ஒரு ஆண். பரிந்து பேசுபவரோ அல்லாஹ்வின் தூதர். எதிரே நேற்று வரை அடிமையாக இருந்த ஒரு பெண். அவருடைய 'வேண்டாம்' மதிக்கப்பட்டது. தந்தை தன் விருப்பமின்றிச் செய்துவைத்த திருமணத்தைப் பற்றி முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்களின் திருமணத்தை நபி (ஸல்) அவர்கள் இரத்துச் செய்ததும் புகாரியில் இருக்கிறது. இவற்றை வாழ்க்கையில் நடைமுறையாக எமக்குக் காட்டியிருந்தால், இல்லேயாவின் அதிகாரி சொல்லும் விதியை வாசித்தவுடன் "இது எங்கே அனுமதிக்கப்பட்டது?" என்று எமது பிள்ளைகள் தாமாகவே கேட்பார்கள். மணமகளின் சம்மதம் ஒரு தலையசைப்பாக, ஒரு சடங்காகச் சுருங்கிப் போன வீட்டில் வளரும் பிள்ளை அந்த வரியைச் சாதாரணமாகக் கடந்து போவாள். பயப்பட வேண்டிய இடம் அதுதான்.

எல்லா நாவல்களையும் ஒரே தராசில் நான் நிறுக்கவில்லை. 'ரெட் குயின்' தொடரில் மக்கள் இரத்தத்தின் நிறத்தால் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். வெள்ளி இரத்தம் ஓடுபவர்களுக்கு அபூர்வ ஆற்றல்கள், ஆட்சி அவர்களுடையது. சிவப்பு இரத்தம் ஓடுபவர்களுக்குக் கூலி வேலையும் கட்டாய இராணுவ சேவையும். சிவப்பு இரத்தம் கொண்ட மேர் பரோ என்ற பெண்ணிடம் மின்னலை ஆளும் ஆற்றல் வெளிப்பட, அவளை வெள்ளி இரத்தப் பிரபு ஒருவரின் மகளாக வேடமிட்டு அரண்மனைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அங்கே இரு இளவரசர்கள், மாற்றாந்தாய்ச் சகோதரர்கள். அவளிடம் அன்பாகப் பேசிய மேவன் அவளைக் காட்டிக்கொடுக்கிறான். அவளை உண்மையாக விரும்பிய கல், மணிமுடியா மேரா என்ற நிலை வந்தபோது மணிமுடியின் பக்கம் சாய்கிறான். பின்னர் அவன் முடியைத் துறப்பது வேறு கதை. ஆனால் மேர் எந்த அரசனுக்கும் அரசியாகித் தன் கதையை முடித்துக்கொள்ளவில்லை. இனிப்பாகப் பேசும் இளவரசனும் அரண்மனையின் பிள்ளைதான் என்பதை அவெயார்ட் மறைக்கவில்லை.

'த ஹங்கர் கேம்ஸ்' இன்னும் ஒரு படி மேலே. அங்கே அரசர் இல்லை, ஜனாதிபதி இருக்கிறார். ஆனால் அதிகாரம் மன்னருக்குரியது. 12 மாவட்டங்களிலிருந்து 24 பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்லுமாறு களத்தில் விடப்படுகிறார்கள். தலைநகர மக்கள் அதைத் தொலைக்காட்சியில் இரசிக்கிறார்கள். கதாநாயகி காட்னிஸ் உயிர் பிழைப்பதற்காகக் கமராவின் முன் காதலை நடிக்க வேண்டியிருக்கிறது. பார்ப்பவர்கள் காதலை விரும்புவதால் மருந்தும் உணவும் கிடைக்கின்றன. அப்படியானால் பீட்டாவா கேலா என்று கட்சி பிரியும் நாமும் அந்தத் தலைநகரப் பார்வையாளர்களாகிவிட்டோமா? கொலின்ஸ் எம்மைச் சங்கடத்தில் நிறுத்துகிறார். ஒரு இரவு ரியாலிட்டி நிகழ்ச்சிக்கும் போர்ச் செய்திக்கும் இடையே அலைவரிசையை மாற்றி மாற்றிப் பார்த்தபோதுதான் இந்தக் கதை தோன்றியதாக அவர் கூறியிருக்கிறார். காஸாவின் பிள்ளைகளையும் நடனப் போட்டியையும் ஒரே விரலசைவில் மாற்றிப் பார்க்கும் எமக்கு அந்த இரவு புரியாததல்ல.

இவை யாவும் மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு நினைவூட்டல். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று நாம் பெருமையோடு சொல்லும் 'அஸன்பேயுடைய கதை' 1885 இல் வெளிவந்தது. எழுதியவர் எமது அறிஞர் சித்திலெப்பை. முஸ்லிம் பெண்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று போராடிய அதே மனிதர். அவருடைய கதாநாயகன் யார்? எகிப்தின் உயர்குடியில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, தன் பிறப்பை அறியாமல் வளரும் ஒருவன். பிரபுக்களும் சாகசங்களும் நிறைந்த கதையோடுதான் எமது நாவல் இலக்கியமே தொடங்கியது. அதற்குப் பின்னர் உம்மாமார் 'பொன்னியின் செல்வ'னை வந்தியத்தேவனுக்காக வாசித்தார்கள். ரமணிசந்திரனைத் தலையணைக்கடியில் வைத்து வாசித்தார்கள். அவர்கள் கெட்டுப்போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். எம்மை வளர்த்தவர்கள் அவர்கள்தான்.

அதேவேளை பெற்றோரின் ஒரு கவலையில் நியாயம் இருக்கிறது. எல்லா வயதுக்கும் எல்லா நூலும் பொருந்தாது. அட்டைகள் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளடக்கம் வேறுபடும். உதாரணமாக, சாரா ஜே. மாஸ் எழுதிய 'எ கோர்ட் ஒஃப் தோர்ன்ஸ் அண்ட் ரோசஸ்' தொடர் 2015 இல் இளையோர் நூலாகத் தொடங்கி, பிற்காலத்தில் பதிப்பாளர்களாலேயே வளர்ந்தோருக்கான பிரிவுக்கு மாற்றப்பட்டது. அது தரம் 8 மாணவியின் பைக்குரியதல்ல. ஆனால் இந்த வேறுபாட்டை அறிவதற்கு ஒரே வழி, பெரியவர்கள் அந்த நூல்களைத் திறந்து பார்ப்பதுதான். எல்லாவற்றையும் சேர்த்துத் தடை செய்தால் நல்லதும் கெட்டதும் ஒரே கொப்பிக்குள் ஒளிந்துகொள்ளும். ஒளித்து வாசிப்பவளுக்குக் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போய்விடும்.

இளவரசன் இல்லாமலும் ஒரு கற்பனை நாட்டை எழுத முடியுமா? எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் ஒரு முஸ்லிம் பெண். வங்காளத்தைச் சேர்ந்த பேகம் ரொகேயா 'சுல்தானாவின் கனவு' என்ற சிறு கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அது 1905 இல் வெளியானது எமக்கு அருகிலுள்ள சென்னையில் வெளிவந்த ஒரு பெண்கள் சஞ்சிகையில்! அந்தக் கனவு நாட்டில் ஒரு அரசி ஆட்சி செய்கிறாள். அவளை எந்த இளவரசனும் தெரிவு செய்யவில்லை. பெண்பிள்ளைகள் எல்லோரும் படிக்க வேண்டும், 21 வயதுக்கு முன் எந்தப் பெண்ணும் மணம் முடிக்கக் கூடாது என்பன அவளுடைய சட்டங்கள். பெண்களின் பல்கலைக்கழகங்கள் மேகத்திலிருந்து நீரையும் சூரியனிலிருந்து வெப்பத்தையும் சேகரிக்கின்றன. எதிரிப் படை வந்தபோது அந்தச் சூரிய வெப்பத்தாலேயே அதை விரட்டுகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். இது ரொகேயாவின் குறும்பு. இடத்தை மாற்றிப்போட்டால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக.

ரொகேயா கனவோடு நிற்கவில்லை. 1911 இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையை நடத்தத் தொடங்கினார். வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பிள்ளைகளைக் கேட்டார். அந்தப் பாடசாலை இன்றும் இருக்கிறது. கற்பனை நாவல் வாசிப்பதும் எழுதுவதும் வெட்டி வேலை என்று சொல்வோருக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை. முதலில் கனவில் கட்டிய பாடசாலையை அவர் பின்னர் கல்லிலும் மண்ணிலும் கட்டினார்.

ஆகவே எனக்கு மூன்று வேண்டுகோள்கள் உண்டு.

பெற்றோருக்கு: உங்கள் மகளின் கையிலிருக்கும் நூலைப் பறிக்கும் முன் அதன் கதையை அவளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு என் உம்மா கேட்டதைக் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு இருவரும் வேண்டாம் என்றால் என்ன செய்வது? மகள் சொல்லும் பதிலில் அவளுடைய மனம் உங்களுக்குத் தெரியவரும். நாளை அவளுக்கு ஒரு சம்பந்தம் வரும்போது அவள் "வேண்டாம்" என்று சொல்லத் துணிவாளா, மனதுக்குள் அழுதுகொண்டே தலையசைப்பாளா என்பதும் அந்த உரையாடலில் தீர்மானமாகலாம்.

நூலகத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு: நல்லவற்றைத் தெரிந்தெடுத்துத் தட்டில் வையுங்கள். வயதுக்கேற்ப வகைப்படுத்துங்கள். 'ஹங்கர் கேம்ஸ்' நூலின் பக்கத்திலேயே 'சுல்தானாவின் கனவு' நூலையும் 'அஸன்பேயுடைய கதை'யையும் வையுங்கள். மாதம் ஒரு முறை ஒரு நூலைப் பற்றிப் பேச அரை மணித்தியாலம் தாருங்கள்.

தோழியருக்கு: வாசியுங்கள். ஆனால் அரண்மனைக்குள் நுழையும்போது கதாநாயகியின் கண்களால் மட்டும் பார்க்காதீர்கள். அந்தக் கவுனைத் தைத்தவள் எத்தனையாம் சாதி, வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் ஊருக்குப் போய் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையான எமக்கென்று தமிழில் எழுதப்படும் நாவல்கள் மிகக் குறைவு. அதனால்தான் எமது கேள்விகளுக்கு இல்லேயாவிலும் பனெம்மிலும் விடை தேடுகிறோம். அந்த வெற்றிடத்தை வெளியிலிருந்து ஒருவர் வந்து நிரப்புவார் என்று காத்திருப்பதும் இளவரசனுக்குக் காத்திருப்பதைப் போன்றதே. சித்திலெப்பை எழுதினார். ரொகேயா எழுதினார். அவர்களுக்குக் கிடைக்காத இலவசக் கல்வி எமக்குக் கிடைத்திருக்கிறது. அடுத்த கற்பனை நாட்டை எமது கொப்பியில் எழுதத் தொடங்குவோம். அங்கே அரண்மனை இருக்க வேண்டுமா இல்லையா என்பதை நாமே தீர்மானிக்கலாம்.